பாம்பின் கால் எங்கே போனது?

மலைப்பாம்பைப் புரட்டிப் பார்த்தால், வால் தொடங்குகிற இடத்தில், கழிவுத்துளைக்கு இரு பக்கமும் ஆளுக்கொரு சின்ன நகம் துருத்திக்கொண்டிருக்கும். ஆணுக்குக் கொஞ்சம் பெரிது. இணை சேரும்போது பெண்ணைச் சுரண்ட உதவுகிறது. அந்த நகத்துக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒரு குட்டித் தொடையெலும்பும் இடுப்பெலும்பின் மிச்சமும் கிடக்கின்றன. ‘பாம்பின் கால் பாம்பறியும்’ என்று பழமொழி சொன்னவர்கள் இதைப் பார்த்திருப்பார்களோ என்னவோ.

நல்ல பாம்புக்கு இந்த மிச்சமும் கிடையாது. ஆனால் பாம்புகளின் முன்னோர்கள் நாலு காலில் நடந்த பல்லி வகையினர். சரி, கால் எப்படிப் போனது? காலை உண்டாக்கும் மரபணு தொலைந்துபோயிருக்கும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது தொலையவே இல்லை, பாம்பிடம் பத்திரமாக இருக்கிறது.

அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். வீடியோ கேமில் ஓடுமே ஒரு நீல முள்ளெலி, அதன் பெயரேதான். பழ ஈயில் இதன் உறவுக்கார மரபணு கெட்டுப்போனால் புழுவின் உடம்பெல்லாம் முள்ளாகி முள்ளெலி போல ஆகிவிடும். அதிலிருந்து வந்த வினை இந்தப் பெயர். கருவில் கால் முதலில் ஒரு மொட்டாகத்தான் தலைகாட்டும். அந்த மொட்டின் ஓர் ஓரத்திலிருந்து இந்த மரபணுவின் புரதம் கசிந்து பரவுகிறது. எந்தப் பக்கம் சுண்டுவிரல், எந்தப் பக்கம் கட்டைவிரல், மொட்டு இன்னும் நீள வேண்டுமா என்பதெல்லாம் அந்தக் கசிவைப் பொறுத்தவை. ஆனால் மூளை உருவாகவும் தண்டுவடம் உருவாகவும் இதே புரதம்தான் வேண்டும். மரபணுவே கெட்டால் காலோடு உயிரும் போய்விடும். அதனால், மாற்றம் நிலைத்தது மரபணுவில் அல்ல, அதன் ஸ்விட்சில்.

ஒரு மரபணுவை எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் இயக்குவது என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டுகள்தான் இந்த ஸ்விட்சுகள். மூளைக்கு ஒன்று, கை காலுக்கு ஒன்று என்று ஒரே மரபணுவுக்குப் பல ஸ்விட்சுகள் உண்டு. எலியிலும் மனிதரிலும் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கின் கால் ஸ்விட்ச், மரபணுவிலிருந்து கிட்டத்தட்ட 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில் குடியிருக்கிறது. டி.என்.ஏ. இழை வளைந்து இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். மனிதரில் இந்தத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே கையில் ஆறாவது விரல் முளைக்கக்கூடும்.

2016இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், எலியின் இந்த ஸ்விட்சை வெட்டி எடுத்துவிட்டு மற்ற விலங்குகளின் ஸ்விட்சுகளை அங்கே வைத்துப் பார்த்தார்கள். மனித ஸ்விட்சை வைத்தபோது எலிக்குக் கால் ஒழுங்காக வளர்ந்தது. மீனுடையதை வைத்தாலும் வளர்ந்தது! பாம்புடையதை வைத்தபோது வெறும் குட்டை முளைகள்தான் வந்தன. ஒப்பிட்டால், பாம்பின் ஸ்விட்சில் 17 எழுத்துகளைக் காணவில்லை. அந்த 17ஐ மலைப்பாம்பின் ஸ்விட்சில் திரும்பச் செருகி எலிக்குள் வைத்தார்கள். கால் திரும்பி வந்துவிட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

கால் போன கதை இது. உடம்பு அவ்வளவு நீண்டது தனிக் கதை. கருவில் முதுகு, தலைப்பக்கம் தொடங்கி ஒவ்வொரு கண்டமாக, ஒரு கடிகாரத்தின் தாளத்தில் வெட்டப்படுகிறது. பாம்புக் கருவில், வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிட்டால், அந்தக் கடிகாரம் எலியுடையதைவிட வெகு வேகமாக அடிக்கிறது. துண்டுகள் சிறிதாகின்றன, எண்ணிக்கை கூடுகிறது. முள்ளெலும்புகள் 300ஐத் தாண்டுவது அப்படித்தான்.

எந்தக் கண்டம் கழுத்து, எது மார்பு, எது இடுப்பு என்று முத்திரை குத்துவது ஹாக்ஸ் மரபணுக்களின் வேலை. பழ ஈயிடம் எட்டு, நம்மிடம் 39. இவை குரோமோசோமில் நிற்கும் வரிசையும் உடம்பில் வேலை செய்யும் வரிசையும் ஒன்றே. முத்திரை தவறினால் கூத்துதான். ஈயின் தலையில் உணர்கொம்பு முளைக்க வேண்டிய இடத்தில் முழுசாக ஒரு ஜோடிக் கால் முளைக்கும். அமெரிக்க மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ் இரண்டு இறக்கை ஈயை நான்கு இறக்கை ஈயாக்கிக் காட்டினார். 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எலியில் ‘ஹாக்ஸ் 10’ என்ற வகையைச் சேர்ந்த மரபணுக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், இடுப்புப் பக்கத்து முள்ளெலும்புகளிலும் விலா எலும்பு வந்துவிடுகிறது. அதாவது விலா முளைப்பதுதான் அங்கே இயல்பு, ஹாக்ஸ் 10 ‘இங்கே வேண்டாம்’ என்று தடுத்துவைத்திருக்கிறது. கழுத்திலிருந்து வால்வரை விலாவாகவே ஓடும் பாம்பின் எலும்புக்கூட்டை அப்புறம் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

இந்த மரபணுக்கள் வரைபடம் போல அல்ல, உத்தரவு போல. எலியின் கண் மரபணுவை ஈயின் காலில் இயக்கினால் அங்கே ஒரு கண் வரும், ஆனால் எலிக் கண் அல்ல, ஈக்கே உரிய கூட்டுக்கண். ‘கண் ஒன்று செய்’ என்பது மட்டும்தான் உத்தரவு. எப்படிச் செய்வது என்பது ஈயின் செல்களுக்குத் தெரியும்.

ஸ்விட்ச் இழந்தது பாம்பு மட்டுமல்ல. ஸ்டிக்கிள்பேக் என்றொரு சிறிய மீன். கடலில் வாழும் கூட்டங்களுக்கு வயிற்றுப் பக்கம், இடுப்பெலும்போடு இணைந்த கூரான முள் உண்டு. பனியுகம் முடிந்து ஏரிகளில் சிக்கிக்கொண்ட சில கூட்டங்களுக்கு அந்த முள் இல்லை. பிட்எக்ஸ்1 என்ற மரபணு அப்படியே இருக்க, அதன் இடுப்பு ஸ்விட்ச் மட்டும் உதிர்ந்திருக்கிறது. வெவ்வேறு ஏரிகளில், தனித்தனியாக, அதே துண்டு. மரபணு போயிருந்தால் தாடையும் பாதிக்கப்பட்டிருக்கும்.

அந்த மீன்களில் சிலவற்றுக்கு இடுப்பெலும்பின் எச்சம் இருக்கும். அதில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடப் பெரிது. காரணம், பிட்எக்ஸ்2 என்ற தங்கை மரபணு இடப்பக்கத்தில் மட்டும் வேலை செய்து, அக்காவின் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. கடலுக்குப் போய்ப் பின்னங்கால்களை இழந்த மானட்டி என்ற கடற்பசு வகை விலங்கின் உடலுக்குள் மிஞ்சியிருக்கும் இடுப்பெலும்புகளை அளந்தார்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் பெரிது.