கரண்டு வெட்டினால் லேப்டாப் ஏன் 'டிங்' என்கிறது?

பல்லடத்தில் பெரியப்பாவின் தறிக்குடோனை ஒட்டி ஒரு சின்ன அறை. பில் போடுவதும், சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் எடுப்பதும் அங்கிருக்கும் லேப்டாப்பில்தான். போன மாதம் கூப்பிட்டார். "ஒரே ரோதனையா இருக்குது கண்ணு. பில்லுல நம்பர் அடிக்கறப்பவெல்லாம் மூலையில டிங்குனு எதாச்சும் வந்து நிக்குது. நெட்டு போச்சுங்குது, வந்திருச்சுங்குது. அத மொதல்ல நிறுத்து."

நிறுத்துவது ஒரு நிமிட வேலை. ஆனாலும் ஏன் வருகிறது என்று பார்க்கக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கரண்டு ஒரு நொடி வெட்டி வந்தது. தறிகள் நின்றன, ரவுட்டர் விளக்குகள் அணைந்தன. பேட்டரி இருப்பதால் லேப்டாப் மட்டும் அசையவில்லை. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்றது. சற்று நேரத்தில் 'இணைந்தது, ஆனால் இண்டர்நெட் இல்லை'. அப்புறம் 'இண்டர்நெட் உள்ளது'. ஒரு நொடி வெட்டுக்கு மூன்று அறிவிப்பு.

முதல் அறிவிப்பு ரேடியோ அலையைப் பற்றியது. ரவுட்டர் பொதுவாக நொடிக்குச் சுமார் 10 முறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு சிறு சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது தொடர்ந்து வராமல் போனால், இணைப்பு போய்விட்டது என்று லேப்டாப் முடிவுகட்டிவிடும்.

இரண்டாவதுதான் பலரையும் குழப்புவது. வைஃபை முழுசாக இருக்கிறது, நெட் மட்டும் இல்லை என்றால் எப்படி? நம் பக்கத்து பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் வருடம் முழுக்க இருக்கிறது, தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. வைஃபை என்பது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள வாய்க்கால் மட்டுமே. ரவுட்டர் உயிர்த்ததும் வைஃபை வந்துவிடும், வெளியிலிருந்து வரும் ஃபைபர் லைன் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

தண்ணீர் வந்துவிட்டதா என்று லேப்டாப் பார்க்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸ் 10, 11 இரண்டும் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து ஒரு குட்டி உரைக்கோப்பைக் கேட்கின்றன. அதில் இருப்பது 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற மூன்றே சொற்கள். அவை அப்படியே வந்தால் நெட் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் இல்லை. வேறு ஏதோ பக்கம் வந்தால், நடுவில் யாரோ மறிக்கிறார்கள் என்று பொருள். கோவை ஜங்ஷன் வைஃபையில் சேர்ந்ததும் செல்போன் எண் கேட்கும் பக்கம் வருகிறதல்லவா, அந்த மாதிரி. இப்படி மறித்துத் திருப்பிவிட வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பூட்டில்லாத பழைய எச்.டி.டி.பி. முறையில் போகிறது. ஆண்ட்ராய்டு போனும் இதையே செய்கிறது. அது கூகுள் சர்வரிடம் எதிர்பார்ப்பது 204 என்ற எண்ணோடு வரும் வெற்றுப் பதில்.

சரி, நிறுத்துவதற்கு வருவோம். பெரியப்பா லேப்டாப்பில் அறிவிப்பை அனுப்பியது விண்டோஸ் அல்ல, லேப்டாப்போடு சேர்ந்தே வந்த ஒரு நெட்வொர்க் மென்பொருள். செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அறிவிப்பு அனுப்பும் ஒவ்வொன்றின் பெயரும் இருக்கும். தொல்லை தருவதை மட்டும் ஆஃப் செய்தால் போதும். மொத்தத்தையும் அணைத்துவிடாதீர்கள், வைரஸ் எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடும். மேட், எக்ஸ்எஃப்சிஇ வகை லினக்ஸில் நெட்வொர்க் படத்தை வலது கிளிக் செய்து 'எனேபிள் நோட்டிஃபிகேஷன்ஸ்' டிக்கை எடுத்துவிடலாம்.

விண்டோஸ் தன் உள் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த உரைக்கோப்புச் சோதனையையே அணைக்கவும் வழி உண்டு. அதை நான் செய்ய மாட்டேன். நெட் நன்றாக ஓடும்போதே இல்லை என்று சில செயலிகள் அடம்பிடிக்கும், ஸ்டேஷன் வைஃபையில் அந்த நுழைவுப் பக்கமும் தானாகத் திறக்காது.

கரண்டு வெட்டாத நாளிலும் இதே அறிவிப்பு வந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். சில லேப்டாப்களில் அதை எடுத்தாலே இணைப்பு நிலைத்து நிற்கிறது.

பெரியப்பாவுக்கு டிங் சத்தம் அன்றே நின்றது. ஆனால் கரண்டு வெட்டும்போது இ-வே பில் பாதியில் நிற்பது நிற்கவில்லை. அவருடைய ரவுட்டர் 12 வோல்ட்டில் ஓடுவது. கரண்டு போனாலும் பேட்டரியில் ரவுட்டரை ஓட்டும், அதற்கேற்ற மினி யுபிஎஸ் ஒன்றை அடுத்த வாரம் வாங்கி மாட்டினோம். இப்போது தறி நின்றாலும் ரவுட்டர் விளக்கு அணைவதில்லை.