ரீமேப் செய்த டர்போ வண்டிக்கு எந்தக் கிளட்ச்?

"அண்ணா, அஞ்சாவது கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மட்டும் ஏறுதுங்க, வண்டி போக மாட்டேங்குது." கோவையில் பட்டறை நடத்தும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. வண்டி பெரும்பாலும் டர்போ டீசலாக இருக்கும். ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டி, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும்: "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான கிளட்ச் எதுங்க?"

அந்தக் கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். தினமும் ஆபீஸ் போய் வரும் வண்டிக்கு, உங்கள் இன்ஜினின் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, தாங்குகிற கிளட்ச்களிலேயே மிக மென்மையானது எது?

போலோ ஜிடி 1.5 டீசலையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வந்தபோது அதன் டார்க் 250 நியூட்டன் மீட்டர். ரீமேப் செய்தால் 320, 330 வரை போகிறது. எந்தக் கிளட்சும் கொஞ்சம் கையிருப்போடுதான் வரும், அதனால் முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. கிளட்ச் பிளேட் தேய்ந்து, டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்ச் சூட்டில் அதன் மேல் உரசுகிற லைனிங் வெந்து மினுமினுத்துப் போனதும் அந்தக் கையிருப்பு தீர்ந்துவிடும். ஸ்லிப், அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குவது, முதலில் தெரிவது பெரிய கியரில்தான். முதல் கியரில் மிதித்தால் வண்டி சட்டென்று ஓடிவிடும். அஞ்சாவது கியரில் வேகம் மெதுவாகத்தான் ஏறும், முழு டார்க்கும் பல விநாடிகள் பிளேட்டின் மேலேயே நிற்கும்.

சோதிப்பது எளிது. ஆள் இல்லாத நேரான ரோட்டில், நாலாவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள். முள் துள்ளி, ஸ்பீடு கூடவே வரவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப். ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளட்ச்சை விட்டு இன்ஜின் ஆஃப் ஆகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள், மிச்சமிருக்கும் லைனிங்கையும் அங்கேயே எரித்துவிடுகிறார்கள். ஸ்லிப் தெரிந்தும் தள்ளிப்போடாதீர்கள். வால்பாறை ஏற்றத்தில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யப் பாதி தூரம் போன பிறகு இழுவை இல்லாமல் போவதை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கவலை அதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். பலரும் "150 குதிரை இருக்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தேவையில்லை, டார்க்தான் வேண்டும். டைனோ என்னும் பவர் அளக்கும் மெஷினில் எடுத்த தாள் இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். அதில் இருப்பது சக்கரத்தில் அளந்ததா, இன்ஜின் கணக்கா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் 280 என்றால், வழியில் ஏறக்குறைய 15 சதவீதம் இழப்பு என்று வைத்து, இன்ஜினில் சுமார் 330. அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டினால் 400. அந்த வண்டிக்கு 400 தாங்கும் கிளட்ச் போதும். 600 தாங்குவதை வாங்கினால் அந்த மீதி 200-ஐ உங்கள் இடது கால்தான் தினமும் சுமக்கும். பெட்டியில் ஸ்டேஜ் 2, ஸ்டேஜ் 3 என்று போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்கும் பெயர். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளட்ச்சின் பிடியை ஏற்ற வழிகள் சில உண்டு. கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தத்தைக் கூட்டலாம், லைனிங் பொருளை மாற்றலாம், பிளேட்டைப் பெரிதாக்கலாம் அல்லது இரண்டாக்கலாம். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கும், இன்ஜின் கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷரும் கூடுதல் சுமை வாங்கும். அதனால்தான் சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலில் போட்டுக் காலை எடுக்கச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு தம்பி வண்டி கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் ஆறு துண்டு செராமிக் பிளேட், அதுவும் நடுவில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங்கே இல்லாத ஹப் போட்டிருந்தார்கள். ஸ்லிப் சுத்தமாக இல்லை. ஆனால் லட்சுமி மில்ஸ் சிக்னலில் எடுக்கும்போது வண்டி குதிரை மாதிரி உதறும். அவர் அம்மாவும் அதே வண்டியைத்தான் காய்கறி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போவார். வீட்டு வாசல் ஏற்றத்தில் மூன்று முறை ஆஃப் ஆகி, பின்னால் உருண்டு, கேட்டில் இடித்த பிறகு சாவியைத் தொடுவதையே விட்டுவிட்டாராம். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது பிளேட் உரசுகிற ஃப்ளைவீலின் முகம் முழுக்க நீலத் திட்டுகள். விரலை ஓட்டினால் பள்ளம் தட்டியது. பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை.

செராமிக் மோசமான பொருள் இல்லை. சூட்டில் பிடி விடாது, செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். ஆனால் பிடிப்பதும் விடுவதும் திடீரென்று நடப்பதால் நகரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வராது. நான் தினசரி வண்டிக்கு முதலில் பார்ப்பது, கம்பெனி கிளட்ச்சில் வருவது போன்ற நல்ல ஆர்கானிக் லைனிங்கும் சற்றே அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும். பெரும்பாலான ரீமேப் வண்டிகளுக்கு இதுவே போதும். இன்னும் வேண்டுமென்றால் கெவ்லார் என்னும் வலுவான இழை கலந்த வகை. அது மென்மையாகவும் பிடிக்கும், நீண்ட நாளும் உழைக்கும், ஆனால் ஒருமுறை நன்றாக வெந்துவிட்டால் பழைய பிடி திரும்பாது. இரட்டைப் பிளேட் அருமையான பொருள், விலைதான் பெரும்பாலோருக்கு எட்டாது. எதுவானாலும் ஸ்பிரிங் உள்ள ஹப், அல்லது அந்த வேலையைச் செய்யும் டூயல் மாஸ் ஃப்ளைவீல், இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும்.

டூயல் மாஸ் என்பது இரண்டு தட்டுகளும் நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகளும் கிரீஸும். டீசலின் அடிகளை அதுதான் விழுங்குகிறது. டார்க் அதிகமாகும்போது ஸ்பிரிங் கடைசி வரை அமுங்கி முட்டும். இன்ஜினை அணைக்கும்போது 'கடகட' என்று சத்தம் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடலாம், செலவும் குறையும். நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கலகலவென்று சத்தம் வரும், கிளட்ச் மிதித்தால் நின்றுவிடும். சிலர் பழகிக்கொள்கிறார்கள், சிலர் ஒரே வாரத்தில் திரும்பி வருகிறார்கள். முடிந்தால் இதே மாற்றம் செய்த வண்டி ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. ரீமேப் செய்தவரிடம் போய், 1,700 முதல் 2,500 ஆர்பிஎம் வரை டார்க்கைக் கொஞ்சம் குறைத்து, மெதுவாக ஏறுகிற மாதிரி போடச் சொல்லுங்கள். 330-ஐ 290 ஆக்கினால் ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது, கிளட்ச்சுக்கும் கியர்பாக்ஸுக்கும் நன்றாகவே தெரியும். பிளேட் நல்ல நிலையில் இருந்தால் புதுக் கிளட்சே தேவைப்படாமல் போகலாம். செராமிக் போட்டு வந்த அந்தத் தம்பிக்கும் அதைச் செய்துதான் ஆர்கானிக் பிளேட் போட்டேன்.

கியர்பாக்ஸை இறக்கினால் ரிலீஸ் பேரிங், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல், ஃப்ளைவீல் போல்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். சீலில் கசிந்த ஒரு துளி ஆயில் போதும், புது பிளேட் வீணாக. கூலி பெரும்பாலும் இறக்கி ஏற்றுவதற்குத்தான், மறுபடி அதைக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், மாட்டிய அன்றே ஹைவேயில் போய் முழுசாக மிதிக்காதீர்கள். முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, சிக்னல் சிக்னலாக நின்று கிளம்பி ஓட்டுங்கள். ஹைவேயில் ஒரே கியரில் போகும் தூரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அங்கே பிளேட்டுக்கு உரசலே கிடையாது. முதல் சில நாள் லேசான வாசம் வரும், பயப்பட வேண்டாம். 800 தாண்டியும் வாசமோ உதறலோ இருந்தால், வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் மாட்டியவரிடம் எடுத்துப் போங்கள்.