வினையூக்கி: ஒரு சொல்லும் கொஞ்சம் எண்ணெயும்

ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே ஒரு கிலோ எண்ணெயைப் பயோடீசலாக்கப் பத்து கிராம் போல இருந்தாலே போதும். எண்ணெயும் அதேதான், காரமும் அதேதான். அளவில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்?

எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசராலில் மாட்டிக்கொண்டிருக்கும். சோப்புப் பாத்திரத்தில் காரம் அந்தச் சங்கிலியைக் கழற்றுகிறது. கழன்ற ஒவ்வொரு சங்கிலியோடும் ஒரு சோடியம் ஒட்டிக்கொண்டு சோப்புக் கட்டிக்குள் போய்விடுகிறது. அதாவது காரம் செலவாகிறது. பயோடீசல் பாத்திரத்தில் மெத்தனாலும் இருக்கிறது. (மெத்தனால் நஞ்சு, வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.) அங்கே காரம் ஒரு சங்கிலியைக் கழற்றி மெத்தனாலிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சங்கிலிக்குப் போகிறது, பிறகு அதற்கடுத்ததற்கு. வேலை முடிந்த பின்னும் அது காரமாகவே மிஞ்சுகிறது. முதல் பாத்திரத்தில் அது வினைபடுபொருள், இரண்டாவதில் வினையூக்கி.

பலமுறை பஜ்ஜி சுட்ட எண்ணெயை அந்த இரண்டாவது பாத்திரத்தில் ஊற்றினால் கதை மாறும். பழைய எண்ணெயில் சங்கிலிகள் சில ஏற்கெனவே கழன்று அமிலமாக அலைகின்றன. காரம் முதலில் அவற்றோடு சேர்ந்து சோப்பாகித் தொலைகிறது. பயோடீசல் அடுக்கு பிரியாமல் கொழகொழவென்று நிற்கும். ஆக, வினையூக்கி என்பது எந்தப் பொருளுக்கும் பிறவிப் பெயர் இல்லை. ஒரு குறிப்பிட்ட வினையில் அந்தப் பொருள் வகிக்கும் பதவிக்குத்தான் அந்தப் பெயர். அகராதிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் கேட்டலிஸ்ட், அதன் செயல் கேட்டலிசிஸ். மூலம் கிரேக்கம். 'கட்டா' என்றால் கீழே, 'லூயெய்ன்' என்றால் அவிழ்த்தல். சேர்த்தால் அவிழ்ந்து விழுதல், கலைந்து போதல் என்று பொருள். 'கட்டா'வில் நம் 'கட்டு' இருக்கிறது என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது வெறும் ஒலி ஒற்றுமை, வேறொன்றும் இல்லை.

இந்தச் சொல்லை வேதியியலில் இன்றைய பொருளுக்கு அழைத்து வந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ். 1835-இல். அமிலத்தைச் சேர்த்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, ஆனால் அமிலம் குறைவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடில் சில உலோகங்களைப் போட்டால் அது பொங்கிச் சிதைகிறது, உலோகம் அப்படியே கிடக்கிறது. இப்படி ஆங்காங்கே பலர் பார்த்து வைத்திருந்ததை எல்லாம் அவர் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார். அருகில் இருப்பதாலேயே, பிற பொருள்களில் உறங்கிக் கிடக்கும் நாட்டத்தை எழுப்பிவிடும் ஒரு விசை என்று அதை விளக்கினார். பெயர் வைக்கும்போது 'அனாலிசிஸ்' என்ற சொல்லை முன்மாதிரியாக வைத்துக்கொண்டார்.

அந்த 'லிசிஸ்' குடும்பத்தைத் தமிழ் நன்றாகவே கையாண்டிருக்கிறது. அனாலிசிஸ் பகுப்பாய்வு ஆயிற்று, எலக்ட்ராலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ராலிசிஸ் நீராற்பகுப்பு. எல்லாவற்றிலும் 'பகுப்பு' இருக்கிறது. கேட்டலிசிஸ் மட்டும் இந்த வீட்டுக்குள் வரவில்லை. காரணம், தமிழுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது. பெர்சீலியஸுக்குப் பிறகு வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் வந்தார். 1909-இல் வேதியியல் நோபல் பெற்றவர். வினையூக்கி என்பது முடிவில் கிடைக்கும் பொருளில் இடம்பெறாமல், வினையின் வேகத்தை மாற்றும் ஒன்று என்று அவர் வரையறுத்தார். விசை போய் வேகம் வந்தது. நம் கலைச்சொற்கள் கிரேக்கத்தை மொழிபெயர்க்கவில்லை, ஆஸ்ட்வால்டை மொழிபெயர்த்தன.

தமிழில் இதற்கு நான்கு சொற்கள் புழங்குகின்றன. பழைய பாடநூல்களில் கிரியா ஊக்கி. வடமொழி பாதி, தமிழ் பாதி. 'கிரியா' இருந்த இடத்தில் 'வினை' வந்து உட்கார்ந்ததும் வினையூக்கி. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் வினைவேகமாற்றி. இலங்கைப் பாடநூல்களில் வெறும் ஊக்கி.

'ஊக்கு' என்ற வினைச்சொல்லுக்கு நல்ல பழமை உண்டு. கலித்தொகையின் 37-ஆம் பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண் ஊசலில் ஆடிக்கொண்டிருக்கிறாள். அங்கு வந்தவனிடம் "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்கிறாள். கொஞ்சம் தள்ளிவிடு என்று அர்த்தம். அவனும் ஊக்குகிறான். (அப்புறம் அவள் கைநழுவியதுபோல் பொய்யாக விழுவது வேதியியலில் சேராது.) ஊக்குபவன் ஊசலோடு போவதில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறான் என்ற அளவில் உவமை அழகாகப் பொருந்துகிறது. இன்று பேச்சுவழக்கில் ஊக்கு என்றால் சேலையில் குத்தும் ஊசி. அது வேறு, ஆங்கில 'ஹூக்' வழியாக வந்தது.

ஆனால் ஊசல் உவமையில் ஒரு பிசகு உண்டு. தள்ளுகிறவன் தன் ஆற்றலைத் தருகிறான், வினையூக்கி தருவதில்லை. கோவையிலிருந்து கேரளத்துக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறி இறங்க வேண்டுமானால் வண்டிக்கு ஏகப்பட்ட டீசல் பிடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் அந்த ஏற்றமே இல்லை. கணவாய் உங்கள் வண்டிக்கு ஒரு சொட்டு டீசலும் ஊற்றவில்லை; கோவையின் உயரத்தையோ பாலக்காட்டின் உயரத்தையோ மாற்றவும் இல்லை. இடையில் ஏற வேண்டிய மேட்டைத்தான் தாழ்த்தியிருக்கிறது. வினையூக்கி செய்வதும் இதுவே.

இதுவரை எல்லாம் வேகம் பற்றிய பேச்சு. தாவர எண்ணெயிலிருந்து ரசாயனங்கள் எடுக்கும் துறைக்குள் நுழைந்தால் வேகம் இரண்டாம் பட்சம் என்று தெரிந்துவிடும். பெட்ரோலியத்தின் இடத்தில் எண்ணெய் வித்துகளை வைக்க வேண்டுமானால், நீளமான ஒரு சங்கிலியை விரும்பிய இடத்தில் வெட்டவோ ஒட்டவோ தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கணவாய் வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்து இறங்கும் ஊரே மாறிவிடும்.

வெறும் சூட்டால் வெட்ட முடியாதா என்றால், முடியும், எண்ணெய் இடம் கொடுத்தால். விளக்கெண்ணெய் இடம் கொடுக்கும். ஆமணக்கின் ரிசினோலிக் அமிலத்தில் 18 கார்பன்கள், பன்னிரண்டாவதில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கொண்ட ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கி (அமிலமும் ஆல்கஹாலும் இணைந்தால் கிடைப்பது எஸ்டர்), சுமார் 500 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சினால், அந்த ஹைட்ராக்சிலை ஒட்டியே அது முறிந்து 7 கார்பன் துண்டும் 11 கார்பன் துண்டும் தருகிறது. 11 கார்பன் துண்டிலிருந்துதான் நைலான் 11. வண்டிகளின் எரிபொருள் குழாய்களில் அது இருக்கிறது. வினையூக்கியே தேவைப்படவில்லை, செடியே வெட்ட வேண்டிய இடத்தில் கோடு கிழித்துக் கொடுத்துவிட்டது.

மற்ற எண்ணெய்கள் அவ்வளவு தாராளம் இல்லை. ஒலீயிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். கடலை எண்ணெய், பாமாயில், நல்லெண்ணெய் எல்லாவற்றிலும் நிறைய உண்டு. இதிலும் 18 கார்பன்கள்தான், ஆனால் கைவைக்கக் கிடைப்பது நட்டநடுவே ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் இடையிலுள்ள ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டுமே.

அதில் நிக்கலையும் ஹைட்ரஜனையும் விட்டால் இரட்டைப் பிணைப்பு நிரம்பி எண்ணெய் உறையும். ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது. நம் சமையலறைக்கு வனஸ்பதியாக, டால்டாவாக வந்தது. நிக்கல் வேகத்தில் குறை வைக்கவில்லை. எதைச் செய்வது, எதை விடுவது என்ற தேர்வில்தான் கோட்டை விட்டது. அதன் பரப்பில் வந்து உட்காரும் இரட்டைப் பிணைப்புகளில் சில, ஹைட்ரஜனை முழுதாக வாங்காமல் எழுந்து போகும்போது திரும்பிக்கொண்டு போய்விடும். அந்தத் திரும்பிய வடிவம்தான் டிரான்ஸ் கொழுப்பு. அதனால் வந்த இதயநோய்ப் பேச்செல்லாம் அப்புறம் கிளம்பியது. இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. 'வினைவேகமாற்றி' என்ற பெயரால் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தச் சொல்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

அதே ஒலீயிக் சங்கிலியின் எஸ்டரோடு எத்திலீன் வாயுவைச் சேர்த்து, ருத்தேனியம் என்ற உலோகத்தின் சேர்மம் ஒன்றை விட்டால் நடப்பது வேறு. கோலாட்டத்தில் இரண்டு ஜோடிகள் எதிரெதிரே வந்து ஆள் மாற்றிக்கொள்வதுபோல, சங்கிலியின் இரட்டைப் பிணைப்பும் எத்திலீனின் இரட்டைப் பிணைப்பும் பாதி பாதியாகப் பிரிந்து இடம் மாறிக்கொள்ளும். கணக்குப் பாருங்கள்: 18 கார்பனும் எத்திலீனின் 2 கார்பனும் சேர்ந்து 20, கிடைப்பது பத்தும் பத்தும். ஒரு பத்து 1-டெசீன், செயற்கை எஞ்சின் ஆயிலுக்கு மூலப்பொருள். இன்னொரு பத்து டெசீனோயிக் எஸ்டர், சலவைப்பொருளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகும்.

இந்த வினையின் பெயர் மெட்டாதெசிஸ், 'மாற்றி வைத்தல்'. இதை வளர்த்தெடுத்த இவ் ஷோவான், ராபர்ட் கிரப்ஸ், ரிச்சர்ட் ஷ்ராக் மூவருக்கும் 2005-இல் நோபல் கிடைத்தது. 2013-இல் கிழக்கு ஜாவாவின் கிரெசிக்கில், ஆண்டுக்கு 1,80,000 டன் கொள்ளளவில் பாமாயிலை வைத்து இதே வினைக்கு ஓர் ஆலையே எழுந்தது. மொழியியலிலும் மெட்டாதெசிஸ் உண்டு. குதிரையைக் குருதை என்பதும், தசை சதையானதும் அதுதான். வேதியியலுக்கு நான் எழுதுவது இணைமாற்று வினை. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

மூன்றாவது வழி பல்லேடியம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோல்-ஹாமில்டன் குழு செய்து காட்டியது. தகுந்த பாஸ்பீன் (பாஸ்பரஸ் கொண்ட துணை மூலக்கூறு) மாட்டிய பல்லேடிய உலோகம், நடுவில் இருக்கும் இரட்டைப் பிணைப்பைச் சங்கிலி நெடுகப் படிப்படியாக நடத்திக்கொண்டு போகிறது. கடைசிக் கார்பனை அடைந்ததும் கார்பன் மோனாக்சைடையும் மெத்தனாலையும் அங்கே கோத்துவிடுகிறது. 18 கார்பன் 19 ஆகிறது, இரண்டு முனையிலும் எஸ்டர். இரு முனையிலும் கொக்கி உள்ள சங்கிலியைத் தொடர்ந்து மாட்டிக்கொண்டே போனால், பாலித்தீன் சாயலில் ஒரு பாலியெஸ்டர் கிடைக்கும். இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் எந்த இடத்திலும் நிற்கக்கூடியது. ஆனாலும் கோர்ப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி முனையில்தான். இதைத்தான் தேர்வுத்திறன் என்கிறோம்.

பாமாயிலையும் கடலை எண்ணெயையும் தொழிற்சாலைக்குத் திருப்பினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நல்ல பதில் பண்ருட்டிப் பக்கம் கிடக்கிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயை யாரும் தின்ன முடியாது. கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உட்கார்வார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துத் தோல் உரியும். அந்த எண்ணெயில் இருப்பது அனகார்டிக் அமிலம். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு கழன்று கார்டனால் மிஞ்சும்: ஒரு பீனால் வளையம் (ஆறு கார்பன் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில்), அதில் 15 கார்பன் வால். வண்டிகளின் பிரேக் பட்டைக்கும் பெயின்ட்டுக்கும் இது ஏற்கெனவே போகிறது.

ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈ, மாட்டுச் சிறுநீரில் உள்ள சில பீனால்களின் வாசனைக்கு ஓடி வரும். அந்த வாசனையைப் பொறியில் வைத்தால் ஈயைப் பிடித்துவிடலாம். அவற்றில் ஒன்றில் வளையமும் வெறும் 3 கார்பன் வாலும்தான். கார்டனாலின் 15 கார்பன் வாலைக் கத்தரித்தால் அதுவே கிடைத்துவிடும். ஆனால் வாலின் இரட்டைப் பிணைப்பு வளையத்துக்கு வெகு தொலைவில், எட்டாவது கார்பனில் இருக்கிறது. எனவே பல்லேடியத்தை விட்டு அதை வளையத்தை நோக்கி நடத்தினார்கள், ருத்தேனியத்தை விட்டு எத்திலீனோடு இணைமாற்றி வெட்டினார்கள். ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் குழுவும் செயின்ட் ஆண்ட்ரூஸ் குழுவும் 2014-இல் வெளியிட்ட வேலை இது. முந்திரி விளையும் தான்சானியாவிலேயே அந்த ஈயும் இருக்கிறது, ஓடு குப்பையாகக் குவிகிறது.

இனி எந்தச் சொல்லை எழுதுவது? 'ஊக்கி' சுருக்கம்தான், ஆனால் தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே வேறு வேலைகளில் இருக்கிறது. உரக்கடையில் ஊக்கி என்று கேட்டால் பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தூக்கிக் கொடுப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் ஊக்கமருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். இலங்கையில் அந்தக் குழப்பம் குறைவாக இருக்கலாம். 'வினைவேகமாற்றி' மந்தப்படுத்துவதையும் உள்ளடக்கும் என்பது அதன் பலம். பேச்சில் நாக்கு சுளுக்கும் என்பது பலவீனம். நான் வினையூக்கி என்றே எழுதுகிறேன். செயலுக்கு வினையூக்கம். நொதியை (என்சைம்) மட்டும் உயிர்வினையூக்கி என்று நீட்டாமல் நொதி என்றே விட்டுவிடலாம், அது அவ்வளவு நல்ல சொல். கேட்டலிஸ்ட் என்றே எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை.

இரண்டு அடைமொழிகள் கூடவே வரும். டால்டா உருளையில் நிக்கல் திடப்பொருள், எண்ணெய் திரவம். அது பலபடித்தான வினையூக்கம். வேலை முடிந்ததும் நிக்கலை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். பல்லேடியச் சேர்மம் எண்ணெயோடு கரைந்து கிடக்கும்; அது ஒருபடித்தான வினையூக்கம். தேர்வில் கெட்டிக்காரத்தனம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்குத்தான். ஆனால் செலவாகாத பொருள் என்று ஏட்டில் எழுதியிருக்கும் அந்தப் பல்லேடியத்தை, கரைசலிலிருந்து கடைசிச் சொட்டுவரை திரும்ப எடுப்பதற்குள் கம்பெனிக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.