மீஞ்சூர்க் கிணறுகள் ஏன் உப்பாயின?

"கடலுக்குப் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உப்பானது சென்னைக்குத் தண்ணீர் எடுத்ததாலா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பங்கு ஆம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கத்தில் மணற்படுகை நீரை நகரமும் மணலி ஆலைகளும் ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்தன. அதே நீரை உழவர்கள் நெல்லுக்கு இறைத்தார்கள்.

கடல்நீரின் அடர்த்தி 1.025, நன்னீருடையது 1.000. 40 மீட்டர் உயரக் கடல்நீரை எதிர்த்து நிற்க 41 மீட்டர் நன்னீர் வேண்டும். 40 × 1.025 = 41. ஆகவே நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றாலே, கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அழுத்தி வைக்கும். நெதர்லாந்தின் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இவ்வளவு பெரிய கடலை ஒரு மீட்டர் நன்னீர் தடுக்கிறது என்பது எத்தனை முறை யோசித்தாலும் வியப்பே.

அந்த 1 மீட்டரை இறைத்துவிட்டால் உப்பின் எல்லை 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போனால் தடுப்பே இல்லை. எல்லை நகரப் பல ஆண்டுகள் ஆகும், பின்வாங்க அதைவிட அதிகம். அதனால்தான் நல்ல மழைக்குப் பிறகும் கிணறு உப்பாகவே இருக்கிறது.

மேல்நீரை மொண்டு சோதித்தால் ஏமாறுவோம். கனமான உப்புநீர் அடியில் கிடக்கும். கிணற்றின் அடியிலிருந்து மாதிரி எடுத்து மின்கடத்துதிறனை (உப்பு கூடக்கூட இது ஏறும்) அளக்க வேண்டும். நூற்றுக்கு 5 பங்கு கடல்நீர் கலந்தாலே அது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 மைக்ரோசீமன்ஸ் கூடும். நெல்லுக்கு ஆபத்து தொடங்கிவிட்டது. தேங்காய் உருட்டி நீரோட்டம் பார்ப்பவரால் இதைச் சொல்லவே முடியாது.

பஞ்ச காலங்களில் உழவர்களின் கிணற்று நீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் விலைக்கு வாங்கியது. இறைத்த அளவுக்குப் பணம் என்றால் எல்லோரும் அதிகம் இறைப்பார்கள். ஒப்பந்தத்தை நீர்மட்டத்தோடு கட்ட வேண்டும்: கண்காணிப்புக் கிணற்றில் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் குறித்த அளவுக்கு இறங்கியதும் நகரமும் உழவரும் சேர்ந்தே நிறுத்த வேண்டும், நிறுத்திய நாளுக்கும் உழவருக்குப் பணம் உண்டு. ஒரு தரப்பு மட்டும் நிறுத்தினால் மிஞ்சியதை மற்றது இறைத்துவிடும்.

ஆலைகளுக்கு நிலத்தடி நன்னீர் தேவையே இல்லை. கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர் ஆலைகளுக்குத் தரும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குப் பணம் ஒதுக்கும் அரசு, கண்காணிப்புக் கிணறுகளுக்கும் அவற்றை மாதந்தோறும் அளக்கும் ஆட்களுக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும். மட்டம் தெரியாமல் எந்த ஒப்பந்தத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.