கிளைப்பின்னல்: ‘ப்ளீச்சிங்’ மரங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘ப்ளீச்சிங்’ என்று எழுதியதைப் படித்தால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வெளுக்கும் தூள்தான். தோட்டக்கலையிலும் ஒரு ப்ளீச்சிங் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் (bleaching, pleaching) முதல் எழுத்தே வேறு, ஒலியும் வேறு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனால் இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். நான் பரிந்துரைப்பது: வேலைக்குக் கிளைப்பின்னல், மரத்துக்குப் பின்னல் மரம்.

முதலில் பொருள். மரங்களை ஒரே வரிசையில் நட்டு, ஆள் உயரத்துக்குமேல் வரை அடிமரத்தில் கிளையே இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மேலுள்ள கிளைகளை இரண்டு பக்கமும் கிடையாக வளைத்துக் கட்டி, பக்கத்து மரத்தின் கிளைகளோடு பின்னி விடுவார்கள். சில வருஷங்களில் கீழே தூண்களும் மேலே தட்டையான ஓர் இலைச்சுவரும் நிற்கும். இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில் உள்ள ஹிட்கோட் தோட்டத்தில், அதை உருவாக்கிய லாரன்ஸ் ஜான்ஸ்டன் இப்படி ஹார்ன்பீம் என்ற இலையுதிர் மரங்களை வளர்த்தார். அந்தப் பகுதிக்கு ‘ஸ்டில்ட் கார்டன்’, அதாவது பொய்க்கால் தோட்டம் என்றே பெயர். பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘ப்ளெக்தெரே’ என்றால் பின்னுதல், முடைதல். அது பழைய பிரெஞ்சு வழியாக இடைக்கால ஆங்கிலத்துக்கு வந்தது. அதே வேரிலிருந்து வந்ததுதான் உடற்கூறியலில் வரும் ‘ப்ளெக்ஸஸ்’. அதை நாம் ஏற்கெனவே நரம்புப் பின்னல் என்கிறோம். ‘காம்ப்ளெக்ஸ்’ என்ற சொல்லும் அந்தக் குடும்பம்தான். 1600-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடூ அபவுட் நத்திங்’ நாடகத்தில், கிளைகள் அடர்த்தியாகப் பின்னிய நடைபாதையைச் சொல்ல இந்தச் சொல் வருகிறது. அந்தக் காலத்தில் தலைக்குமேல் கூடாரம்போல் கிளை கவிந்த நிழல்பாதையையும் இப்படியே சொன்னார்கள். நிமிர்ந்து நிற்கும் தட்டையான சுவர் என்பது இன்றைய வழக்கில் முன்னுக்கு வந்த பொருள்.

‘ப்ளாஷிங்’ என்று ஓர் உடன்பிறப்பும் உண்டு. இளமரத்தைப் பாதி வெட்டிச் சாய்த்து, கிளைகளைப் பின்னி வேலியாக்கும் முறை அது. கி.மு. 57-இல் காலியா நாட்டின் (இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பகுதி) வடக்கில் இருந்த நெர்வி மக்கள், குதிரைப்படையைத் தடுக்க இப்படித்தான் மரங்களை வெட்டி வளைத்து முள்ளோடு பின்னிச் சுவர்போல நிறுத்தியிருந்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

சரி, தமிழில் ‘உயர்வேலி’ என்று சொன்னால் போதாதா? போதாது என்பது என் கருத்து. வேலி தரையிலிருந்து எழும், இது எழாது. வேலி என்று நினைத்தவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளிப்பக்கத்தை வெட்டுவதோடு நிறுத்திவிடுவார், உள்ளே கட்ட வேண்டிய கிளை கட்டப்படாமலே முற்றிவிடும். பந்தல் என்றால் கொடி ஏறும் கூரை நினைவுக்கு வரும். எஸ்பாலியே என்பதும் வேறு: அதில் பெரும்பாலும் பழமரங்களைத் தரைக்குப் பக்கத்திலிருந்தே கிளை பரப்பி, சுவரோரமோ கம்பியிலோ தட்டையாக வளர்ப்பார்கள். இந்த வேலையின் உயிர் பின்னுவதில் இருக்கிறது. மூலச்சொல் சொல்வதும் அதையே. எனவே பின்னல் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

வேலையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரம் நடுவதற்கு முன்பே சட்டம் தயாராக இருக்க வேண்டும்: வரிசை நெடுக உறுதியான கம்பங்கள், அவற்றின் குறுக்கே கிடைமட்டமாகக் கம்பிகளோ மூங்கில் கழிகளோ. அடிக்கம்பி சுமார் 2 மீட்டர் உயரத்தில் இருக்கலாம், அதற்குமேல் 45 முதல் 60 சென்டிமீட்டருக்கு ஒன்று. மரத்துக்கு மரம் 1.5 முதல் 2.5 மீட்டர் இடைவெளி. ஹார்ன்பீம், லைம் போன்ற இலையுதிர் மரங்களை இலையில்லாத பருவத்தில் நடுவது நல்லது. இந்த ‘லைம்’ எலுமிச்சை இல்லை. லின்டன் என்றும் சொல்லப்படும் டிலியா மரம். ஆங்கிலக் கட்டுரைகளிலிருந்து தமிழாக்குபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

வளைக்க ஏற்றது அந்த வருஷத்துக் கிளை. பென்சில் கனத்துக்கு மேல் போகாமல் இருக்கும், தோலில் பசுமை மிச்சமிருக்கும், விரலால் மெல்ல அழுத்தினாலே கம்பியை நோக்கிப் படியும். அதே கிளையை இரண்டு வருஷம் விட்டுவிட்டால் வளையாது, இடுக்கிலேயே கிழிந்துவிடும். மென்மையான கயிற்றால் எட்டு வடிவில், கொஞ்சம் தளர்வாகக் கட்ட வேண்டும். கிளை பருக்கப் பருக்க இறுகிய கட்டு பட்டைக்குள் இறங்கிச் சாறோட்டத்தை நெரித்துவிடும். ஆகவே வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லாக் கட்டுகளையும் தளர்த்திக் கட்டுவது அவசியம். முன்னாலும் பின்னாலும் நீட்டும் துளிர்களை அகற்றிவிட வேண்டும், பக்கவாட்டில் போவது மட்டும் நிற்கட்டும். நடுத்தண்டு மேல்கம்பியைத் தாண்டியதும் அதையும் ஒரு பக்கமாக மடக்கிக் கட்டுவார்கள்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பின்னிய கிளைகள் காற்றில் உரசி உரசி, தொடும் இடத்தில் பட்டை தேய்கிறது. பட்டைக்கு அடியில் உள்ள கேம்பியம் என்ற வளர்திசு இரண்டு பக்கமும் ஒட்டி வளரத் தொடங்கினால், இரு மரங்களின் கிளைகள் ஒன்றாகிவிடும். இயற்கை ஒட்டு என்று இதைச் சொல்லலாம். எல்லா இடத்திலும் நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அத்தி இனங்களில் இது எளிதாக நடக்கும். மேகாலயாவின் உயிர்வேர்ப் பாலங்களில் ரப்பர் அத்தியின் வேர்கள் சேர்வதும் இப்படித்தான்.

முதல் இரண்டு மூன்று வருஷம் வறட்சியில் தண்ணீர் தவறக் கூடாது. அடிமரத்தில் வரும் துளிர்களை இளசிலேயே விரலால் தேய்த்து எடுத்துவிடலாம். லைம் மரத்தில் அசுவினிப் பூச்சி மொய்த்துப் பிசுபிசுப்பான தேன்கசிவு சொட்டும் என்பதால், கீழே இருக்கையோ வண்டி நிறுத்தும் இடமோ வைப்பதாக இருந்தால் ஹார்ன்பீம் நல்லது. கோடையில் ஒருமுறை இலைச்சுவரின் முகப்பைச் சமன்செய்து வெட்டினால் சுவர் கச்சிதமாக நிற்கும்.

சில நாற்றங்கால்களில் சட்டத்தோடு சேர்த்து, ஏற்கெனவே தட்டையாக வளர்த்த மரங்களும் விற்கிறார்கள். கழியும் ஓலையும் கொண்டு முடைந்த தட்டிக்குத் தமிழில் படல் என்ற பெயர் உண்டு. அதையொட்டி இந்த வகையைக் கிளைப்படல் எனலாம். வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாற்றங்காலில் போட்ட கட்டுகளை. அவை பட்டையில் பதியத் தொடங்கியிருந்தால் நட்ட அன்றே மாற்றிக் கட்டிவிடுங்கள். கிளைகள் விறைத்துத் தாமாக நிற்கும்வரை அந்தச் சட்டத்தைக் கழற்ற வேண்டாம்.