கம்பெனி தரும் கட்சி நன்கொடை: 7.5% வரம்பு திரும்ப வந்துவிட்டது

"கம்பெனி கணக்கிலிருந்து கட்சிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எந்தக் கட்சி என்று காட்ட வேண்டியதும் இல்லை" என்று நம்பும் இயக்குநர்கள் இன்றும் பலர். 2017-ல் சட்டம் அப்படித்தான் மாறியது. 2024 பிப்ரவரி 15-க்குப் பிறகு அது செல்லாது. தேர்தல் நேரத்தில் வசூலுக்கு ஆள் வந்து நிற்கும்போது, பழைய நினைப்பில் காசோலை எழுதினால் சிறைத்தண்டனை வரை போகக்கூடிய விஷயம் இது.

இந்த வரம்பு பலமுறை மாறியிருக்கிறது. கம்பெனி நன்கொடைக்கு 1960-ல் முதன்முதலாக உச்சவரம்பு வைத்தார்கள். 1969-ல் அடியோடு தடை செய்தார்கள். 1985-ல் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 5% வரை கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 182-வது பிரிவு அதை 7.5% ஆக்கியது. 2017 நிதிச் சட்டம் அந்த 7.5% வரம்பையே நீக்கியது, கட்சியின் பெயரை லாப நட்டக் கணக்கில் காட்டும் கடமையையும் எடுத்துவிட்டது. 2018 ஜனவரியில், வங்கியில் பத்திரம் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. பாரத ஸ்டேட் வங்கி மட்டுமே விற்ற இந்தப் பத்திரங்கள் 16,500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றன, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமலே.

2024 பிப்ரவரி 15-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இத்திட்டத்தை ரத்து செய்தபோது, வரம்பை நீக்கிய திருத்தத்தையும் சேர்த்தே ரத்து செய்தது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியையும் லாபம் ஈட்டும் கம்பெனியையும் ஒன்றாக நடத்துவது தன்னிச்சையானது என்றது. இது மிகச் சரியான தீர்ப்பு என்றே கருதுகிறோம். லாபமே இல்லாத கம்பெனி கோடிகளைக் கட்சிக்குக் கொடுத்தால், அது வேறு யாருடைய பணம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். 2017-க்கும் 2024-க்கும் இடையே அச்சான சட்டப் புத்தகத்தில் 7.5% வரம்பு இருக்காது. அதை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

கணக்கு எளிது. முந்தைய மூன்று நிதியாண்டுகளின் நிகர லாபம் 40 லட்சம், 25 லட்சம், 55 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40 லட்சம், அதில் 7.5% என்றால் 3 லட்சம். இது ஒரு கட்சிக்கான அளவு அல்ல. அந்த நிதியாண்டில் எல்லாக் கட்சிகளுக்கும் சேர்த்தே 3 லட்சம். ஆளுங்கட்சிக்கு 3, எதிர்க்கட்சிக்கு 3 என்று கொடுத்தால் வரம்பு மீறியாயிற்று. தொடங்கி மூன்று நிதியாண்டு நிறையாத கம்பெனியும் அரசு கம்பெனியும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியாது.

அடிக்கடி தவறு நடக்கும் இடம் நினைவு மலர் விளம்பரம். மாநாட்டு மலரில் முழுப்பக்க விளம்பரத்துக்குக் கொடுத்த தொகையை அக்கவுண்டன்ட் 'விளம்பரச் செலவு' லெட்ஜரில் போட்டுவிடுவார். கட்சி வெளியிடும் மலரிலோ துண்டுப் பிரசுரத்திலோ தரும் விளம்பரமும் 182-வது பிரிவின்படி நன்கொடைதான், 3 லட்சத்துக்குள் அதுவும் அடங்க வேண்டும். வருமான வரியில் அதைத் தொழில் செலவாகக் கழிக்கவும் 37(2பி) பிரிவு விடாது. (இங்கே சொல்லும் வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025 சட்டத்தில் எண்கள் வேறு.)

பணம் போவதற்கு முன்பே போர்டு மீட்டிங் கூட்டித் தீர்மானம் போட வேண்டும். சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் தீர்மானம் போதாது. பப்ளிக் லிமிடெட் கம்பெனி என்றால் 30 நாளுக்குள், தீர்மானத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் எம்ஜிடி-14 படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். பிரைவேட் கம்பெனிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. கம்பெனி ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. வங்கிக் கணக்கில் மட்டுமே செல்லும் காசோலை, டிராப்ட் அல்லது மின்னணுப் பரிமாற்றம்தான். ஆண்டுக் கணக்கில் தொகையும் கட்சியின் பெயரும் இடம்பெற வேண்டும். மீறினால் கம்பெனிக்கு, கொடுத்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம். பொறுப்பான அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறையும் அதே ஐந்து மடங்கு வரை அபராதமும்.

வரிச்சலுகையை நம்பிக் கொடுப்பவர்கள் முதலில் எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பாருங்கள். 22% சலுகை வீதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு, கட்சி நன்கொடைக்கான 80ஜிஜிபி கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருக்கும் தனிநபருக்கு, அதே நன்கொடைக்கான 80ஜிஜிசி கழிவும் கிடையாது.

தனிநபர் கட்சிக்குக் கொடுக்க உச்சவரம்பே இல்லை. ஆனால் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால் கட்சியும் தன் வரிவிலக்கை இழக்கும். ஒருவர் ஒரு நிதியாண்டில் கொடுத்தது 20,000 ரூபாயைத் தாண்டினால் கட்சி அவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

சம்பளக்காரர்களைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. பெயர் தெரியாத ஒரு சிறு கட்சிக்கு வங்கி வழியாக அனுப்பச் சொல்வார்கள், கமிஷன் கழித்து மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருவார்கள், ரசீதை வைத்து முழுத் தொகைக்கும் கழிவு கேட்கச் சொல்வார்கள். ரசீது உண்மையாக இருந்தாலும் நன்கொடை பொய். ரிட்டர்னில் நன்கொடை தேதி, பரிமாற்ற எண், வங்கியின் ஐஎஃப்எஸ்சி எண் எல்லாம் கேட்கப்படுவதால், அந்தக் கட்சியில் சோதனை நடந்தால் கொடுத்தவர் பட்டியலும் கூடவே சிக்கும். தவறான தகவல் என்று முடிவானால் குறைத்துக் காட்டிய வரியைப் போல 200% அபராதம்.

ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத பதிவு பெற்ற கட்சிகளில் 334-ஐ 2025 ஆகஸ்டிலும் 474-ஐ செப்டம்பரிலும் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. பணம் அனுப்பும் நாளன்று கட்சி பட்டியலில் இருக்கிறதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு வையுங்கள். ஏற்கெனவே பொய்க் கழிவு கேட்டவர்கள் நோட்டீசுக்குக் காத்திருக்காமல் புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்வது நல்லது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரிக்கும் வட்டிக்கும் மேல் 25% கூடுதல், நான்காம் ஆண்டில் அதுவே 70%.