கட்சியைத் தடை செய்ய ஓட்டா? ஐசி நகலைக் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தன் ஐசி (அடையாள அட்டை) நகலை ஓர் இளைஞனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கட்சியைத் தடை பண்ண நாடு முழுக்க ஓட்டு வருது பாட்டி, இப்பவே பேர் கொடுத்துடுங்க" என்றானாம். பாரத்தை வாங்கிப் பார்த்தேன். முழுக்க மலாய். மேலே தடித்த எழுத்தில் 'போராங் கெஅஹ்லியான்'. வேறொரு கட்சியின் உறுப்பினர் பாரம் அது. போன வாரமே இன்னொன்றில் கைநாட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

அப்படி ஓர் ஓட்டெடுப்புக்கு நம் அரசியலமைப்பில் இடமே இல்லை. தடை செய்யும் அதிகாரம் 1966 சங்கச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சரிடம் இருக்கிறது. 2008 அக்டோபரில், இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் அப்படித்தான் சட்டவிரோத அமைப்பானது. 2013 ஜனவரியில்தான் தடை நீங்கியது. மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. வாக்காளர் பதிவு என்று வந்தாலும் நகல் கொடுக்காதீர்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானதும் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது.

ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களா? அங்கேதான் அலைச்சல். பாட்டியோடு நானும் போனேன். ஓர் அலுவலகத்தில் "இது எங்கள் வேலை இல்லை" என்றார்கள். அடுத்ததில் கட்சியிடமே கேட்கச் சொன்னார்கள். கட்சிக் கிளையில் "கைநாட்டு உங்களுடையதுதானே அம்மா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கவுண்டரில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது. முதலில் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். அப்புறம் விலகல் கடிதத்தைக் கட்சித் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கிளைத் தலைவர் கையில் கொடுத்தால், வாங்கியதாக நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

விரும்பிச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சிகள் காகித வேலையாலும் விழும். 1988-ல், அன்று ஆளுங்கட்சியாக இருந்த அம்னோவையே நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, பதிவாகாத 30 கிளைகளால். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள், கட்சிகளையும் சங்கங்களையும் பதிவு செய்யும் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும். உங்கள் செயலாளர் அனுப்பினாரா என்று கேளுங்கள், "அனுப்பிட்டோம்ணே" என்றால் நகலைக் காட்டச் சொல்லுங்கள். பதிவிலாகா பதிவை ரத்து செய்தால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். முடிவு எடுத்த தேதியிலிருந்து நாள் ஓடும், கடிதம் உங்கள் கண்ணில் பட்ட நாளிலிருந்து அல்ல. கடிதம் போவதோ பதிவான முகவரிக்கு. பழைய செயலாளர் வீடு மாறியிருந்தால் அங்கேயே கிடக்கும்.

சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டால் உடனே ஒதுங்குங்கள். உறுப்பினராக இருப்பது, கூட்டத்துக்குப் போவது, சந்தா கட்டுவது எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டும் கூட விதிக்கலாம். வீட்டு ஹாலைக் கூட்டத்துக்குக் கொடுத்தவர் மீதும் வழக்கு வரும். "நான் சும்மா டீ குடிக்கப் போனேன்" என்ற பதிலை நம்பி இருக்காதீர்கள்.

பாட்டியின் விலகல் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. தபால் ரசீது அவருடைய ஐசி உறைக்குள் இருக்கிறது.